கீழே நிற்காதீங்க மாமா!

ஏறத் தெரிந்தவர்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. தேனி மாவட்டமே ஏறிப் பிழைக்கிற மாவட்டம் என்று சொன்னால், அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஏதாவது ஒரு தென்னந்தோப்பில் யாராவது ஒருத்தர் பாதி மரத்தில் இருப்பார். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன்னே ஜீப் பிடித்துக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிறவர்களில், ஒற்றை மூங்கிலை ஏணியாகச் சாத்தி மிளகு பறிக்கிறவர்கள் உண்டு. போடி, வருசநாடு பக்கம் போனால் இலவ மரம் ஏறுகிறவர்கள். அதற்கும் மேலே மலையில், தேனுக்காகப் பாறையில் தொங்குகிற பளியர்கள்.

ஆனால், காசு கொடுத்து ஏறுகிறவர்களை நான் போன மாசம்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், “மாமா, வாங்க. ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சாப்பிட்டுட்டு வராதீங்க” என்றாள். கோயில் போலிருக்கிறது என்று நினைத்துக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினேன்.

போய் இறங்கியது குடோன் மாதிரி ஒரு கட்டடம். உள்ளே சுற்றிலும் சுவர். நேரான சுவர் இல்லை. சில இடத்தில் நம் மேல் விழுகிற மாதிரி முன்னால் சாய்ந்திருக்கிறது. அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிளாஸ்டிக் பிடிகள். சில பிடி பலாப்பழம் அளவுக்கு, சில பிடி புளியங்கொட்டை அளவுக்கு. உயரம் பதினைந்து அடி இருக்கும். கயிறு கிடையாது, பெல்ட் கிடையாது. தரை முழுக்க ஒரு அடி கனத்துக்கு மெத்தை. இதற்குப் பெயர் போல்டரிங்.

ஒரே நிறத்துப் பிடிகளை மட்டும் தொட்டு உச்சிக்குப் போக வேண்டும். அந்தப் பாதைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘பிராப்ளம்’. “இன்னிக்கு அந்த மஞ்சள் பிராப்ளத்த முடிச்சிரணும் மாமா” என்கிறாள். நமக்கு இருக்கிற பிராப்ளம் போதாதென்று, மாசச் சந்தா கட்டிப் பிராப்ளம் வாங்குகிறார்கள்!

பிராப்ளம் என்ற சொல்லுக்குப் பொருத்தமாக, இந்த விளையாட்டின் முன்னோடி என்று சொல்லப்படுகிற ஜான் கில் பின்னாளில் கணக்குப் பேராசிரியர் ஆனவர். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்கள் வியர்வைக்காகக் கையில் பூசும் வெள்ளைப் பொடியை 1950-களில் அமெரிக்கப் பாறைகளுக்குக் கொண்டுபோனவர் அவர்தான். 1964-ல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், கட்டடத்துக்குள்ளேயே ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்து மாணவர்களை ஏறவிட்டார். மழைக்காலத்திலும் பழகலாமே என்ற எண்ணம்தான். அது வளர்ந்து வளர்ந்து, 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சுவர் ஏறுவதற்கும் தங்கப் பதக்கம் கொடுத்துவிட்டார்கள்.

முதல்முறை வருகிறவர்களுக்கு முதல் பாடம் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஏறுவது இல்லை. விழுவது! காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, கையைப் பின்னால் ஊன்றாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, முதுகாலே உருள வேண்டும். நாற்பத்தாறு வயசில், திருநீறு நெற்றியோடு, ஒரு சின்னப் பையன் சொல்லச் சொல்ல நான் ஆறு தடவை விழுந்து எழுந்தேன்.

அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கூட்டம்தான். தலை நரைத்த ஒருத்தர், காலேஜ் பெண்கள், பத்து வயசுப் பையன் ஒருவன். யாருக்கும் யாரையும் தெரியாது. ஆனால், ஒருத்தர் சுவரில் ஏறிவிட்டால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் கழுத்தும் மேலே பார்க்கிறது. “இடது கால்... இடது கால்!” என்று கத்துகிறார்கள். விழுந்தால் யாரும் சிரிப்பதில்லை. விழுந்தவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காற்றிலேயே கையை மடக்கி நீட்டி, பரதநாட்டிய டீச்சர் மாதிரி எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறார்கள். அந்தப் பத்து வயசுப் பையன், நரைத்த தலைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததையும் பார்த்தேன்.

“மாமா, இவரு நம்ம ஊர்க்காரரு” என்று என் மருமகள் போனில் ஒரு வீடியோ காட்டினாள். கர்நாடகத்தில் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில், கயிறு இல்லாமல் பல்லி மாதிரி ஒருத்தர் ஏறுகிறார். ஜோதி ராஜ். ‘கோதி ராஜ்’ என்பார்கள். கன்னடத்தில் கோதி என்றால் குரங்கு. தேனி மாவட்டத்தில் பிறந்து சின்ன வயசிலேயே கர்நாடகம் போய்ச் சேர்ந்தவர். வாழ்க்கை வெறுத்துப்போய்ச் சாகலாம் என்றுதான் முதலில் அந்தக் கோட்டையில் ஏறினேன் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கீழே நின்ற ஜனங்கள் அவர் ஏறுவதைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டல் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. 2018-ல், ஜோக் அருவியில் ஒரு உடலைத் தேடி இறங்கி, தானே மாட்டிக்கொண்டு மறுநாள் மீட்கப்பட்டவரும் இவர்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கையில் பொடி பூசிக்கொண்டு போய் மஞ்சள் பிராப்ளத்தில் ஏறினாள்.

பாதிக்கு மேல் போனதும் அவள் கால் நடுங்க ஆரம்பித்தது. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. எழுந்து ஓடிப்போய், அவளுக்கு நேர் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன். “சார்! சார்! கீழே நிற்கக் கூடாது, தள்ளி வாங்க” என்று பயிற்சிக்காரப் பையன் சத்தம் போட்டு ஓடி வந்தான். மேலேயிருந்து அவளும், “கீழே நிற்காதீங்க மாமா!” என்று கத்தினாள். பையன் என் தோளைப் பிடித்து இழுத்த அடுத்த நொடி அவள் விழுந்தாள். மெத்தையில் உருண்டு எழுந்து சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. காரணத்தை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேன் எடுக்கிற பழங்குடிகள் சிலரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாறையில் ஒருத்தன் இறங்கும்போது மேலே கயிற்றைக் காவல் காக்கிறவன், அவன் மனைவியின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்ற நினைப்பு இருக்கும் அல்லவா?

1996-ல் நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நேரம். அக்கா வீட்டுக்காரர் போடி மலையடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் இலவு பறிக்கப் போவார். கூடமாட ஒத்தாசைக்கு என்னைக் கூட்டிப்போனார். அவர் மேலே துரட்டியால் காயை இழுத்துப் போடுவார். நான் கீழே பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும்.

‘இலவு காத்த கிளி’ என்கிறோமே, அந்த இலவுதான். காய் வெடித்தால் பஞ்சு காற்றோடு போய்விடும். அதற்கு முன்னே பறித்தாக வேண்டும். மரமோ மெதுவான மரம். தாங்குகிற மாதிரி இருக்கும் கிளை, சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

அன்றைக்கு மத்தியானம் நான் மரத்தடியில் இல்லை. பக்கத்து மர நிழலில், இதே மாதிரி ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

மச்சான் பிழைத்துக்கொண்டார். ஆனால் இடுப்பு போய்விட்டது. தோட்டக்காரர் முதல் வாரம் வந்து பார்த்தார். அப்புறம் வரவில்லை. என் அக்கா கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்தாள். மச்சான் ஒரு மெத்தைக் கடையில் உட்கார்ந்த இடத்தில் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்போது ஒரு வயசுக் குழந்தையாக இருந்தவள்தான் இப்போது மஞ்சள் பிராப்ளத்தில் விழுந்து சிரிக்கிறாள்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது அவளிடம் சொன்னேன். முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை. “உங்க அப்பா விழுந்தப்ப நான் கீழ நிக்கலம்மா. கதை படிச்சிட்டிருந்தேன்.”

அவள் டீயைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எத்தனை அடி மாமா அந்த மரம்?”

“நாப்பது இருக்கும்.”

“நின்னிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. இத்தனை வருஷமா இதையா சொமந்துக்கிட்டிருக்கீங்க?”

அப்புறம் விளக்கினாள். ஹம்பி, பாதாமி என்று பாறைக்குப் போகும்போது, மெத்தையை முதுகில் கட்டிக்கொண்டுதான் போவார்களாம். அங்கே கீழே ஆள் நிற்பதுண்டு. ஆனால் தாங்கிப் பிடிப்பதற்கு இல்லை. விழுகிறவர் தலை மோதாமல், மெத்தையில் போய் விழும்படி தள்ளிவிடுவதற்கு. “விழுற ஆள ஆளு தாங்க முடியாது மாமா. அது ஆளு நிக்கிற எடமில்ல. மெத்தை இருக்க வேண்டிய எடம்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு மச்சான் ஞாபகம் வந்துவிட்டது. பார்த்தீர்களா, ஊருக்கெல்லாம் மெத்தை போடப் பஞ்சு பறிக்கிறவனுக்குக் கீழே வெறும் தரை!

கிளம்பும்போது, கயிறு கட்டி ஏறுகிற சுவரில் தான் பயன்படுத்திய இடுப்புப் பெல்ட்டையும் கயிற்றையும் கொடுத்தாள். “நம்ம ஊர்ல யாராச்சும் மரம் ஏறுறவங்ககிட்ட குடுத்துப் பாருங்க.” கொண்டுபோய், போடிப் பக்கம் இலவு பறிக்கிற ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்றார். அப்புறம் கேட்டார்:

“இதக் கட்டி அவுத்து ஏறுனா, நாலு மரம் ஏறுற நேரத்துல ரெண்டு மரந்தான் ஏற முடியும் தம்பி. மிச்ச ரெண்டு மரத்துக் கூலிய யாரு தருவா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பெங்களூரில் அந்த மெத்தைக்கு ஏறுகிறவர்களே சந்தா கட்டுகிறார்கள். இங்கே ஏறுகிறவருக்குக் கட்ட முடியாது. தோட்டக்காரரைக் கேட்டால் பஞ்சு விலையைக் காட்டுவார். வியாபாரி, வாங்குகிறவர்களைக் காட்டுவார். வாங்குகிறவர்கள் நாம்தான்.

தென்னை ஏறுகிறவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் ‘கேர சுரக்ஷா’ என்று ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருக்கிறது. சின்னமனூர்ப் பக்கம் தேங்காய் பறிக்கிற நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. விவரத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் வீட்டுத் தென்னைக்கும் ஒருத்தர் வருவார் இல்லையா? நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர் அந்தப் பெல்ட்டைத் திருப்பித் தரவில்லை. வீட்டு ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். “ரொம்ப ஒசரமான மரத்துக்கு மட்டும் கட்டிக்கிறேன்” என்றார். போனில் இதைச் சொன்னதும் மருமகளுக்குச் சந்தோஷம்.

“அவரு ஏறும்போது நீங்க போனீங்கன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“தெரியும்மா” என்றேன். “கீழே நிக்க மாட்டேன். தள்ளி நின்னு பாத்துக்கிறேன்.”