கைப்பிடியும் கீலும்

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைப் பிறப்பன்று யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று கைப்பேசியை அடுக்களையிலேயே போட்டுவிட்டுப் படுத்தேன். சுமத்ராக் காற்று நாள் நட்சத்திரமா பார்க்கிறது? விடிவதற்குள் மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து, ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விட்டது. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை இப்படித்தான். இரவில் அந்தக் கரையில் திரளும் மேகம் பொழுது விடியும் நேரத்துக்குச் சிங்கப்பூருக்கு வந்து சேரும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கியவர்கள் எழுந்ததும் முதலில் தேடுவது என் எண்ணைத்தான்.

பாயசம் குடிக்க உட்காரும்போது பார்த்தால் வரிசையாக அழைப்புகள். எல்லாருக்கும் ஒரே புகார்: "ஹேண்டில் உடைஞ்சு போச்சு."

ஜன்னல் பழுதுபார்க்கிற வேலைக்கு வந்ததிலிருந்து, "கீல் தேய்ஞ்சு போச்சு" என்று சொல்லி என்னைக் கூப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கை படுவது கைப்பிடியில், அதனால் கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. கதவின் பாரத்தையெல்லாம் சுமந்துகொண்டு, சட்டத்தின் மேலும் கீழும் ஒளிந்திருக்கும் இரும்புப் பட்டையை வீட்டுக்காரர்கள் பார்த்ததேயில்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தால்தானே தெரியும்! பத்தாவது மாடியில் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 15, திங்கள்

பஃப்ளோ ரோட்டில், தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் புளோக். தனியாக இருக்கும் பாட்டி. கறிவேப்பிலையும் மீனும் கலந்த சந்தை வாசனை லிப்டுக்குள்ளேயே ஏறிவிடுகிறது.

"கைப்பிடி மட்டும்தான் தம்பி ஆடுது. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு திருகு வச்சா போதும்."

"சரி பாட்டி, ஒரு தடவை திறந்து பாத்துடுறேன்."

முதலில் கயிறு. வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் கதவைத் தொடுவதற்கு முன்னால் அதை உள்ளே இருக்கும் கம்பிகளோடு கட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுப்பேன். கட்டாமல் ஒரு திருகைக்கூடத் தளர்த்துவதில்லை. கீழே நடைபாதை இருக்கிறது.

திறந்து பார்த்தால் நினைத்தது சரிதான். நாங்கள் ஃபிரிக்‌ஷன் ஸ்டே என்று சொல்லும் கீலின் பட்டை துருப்பிடிக்காத எஃகு. அதைச் சட்டத்தோடு பிணைத்திருந்த ரிவெட்டுகள் அலுமினியம். ஒவ்வொன்றின் தலையைச் சுற்றியும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நகத்தால் தட்டினேன், ஒரு தலை கழன்று உள்ளங்கையில் விழுந்தது. கதவு சரிந்ததால் கொண்டி தன் இடத்தில் உட்காரவில்லை. பாட்டி தினமும் கைப்பிடியை அழுத்தி அழுத்தி மூடியிருக்கிறார். ஆடாமல் என்ன செய்யும்?

இதில் பாட்டியின் தப்பு ஒன்றுமில்லை. இரண்டு உலோகம் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சின்ன மின்கலம் உண்டாகிவிடுகிறது. அதில் அழிவது எப்போதும் அலுமினியம்தான், எஃகுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே எஃகுப் பட்டை பெரியது, அலுமினிய ரிவெட் மிளகளவு. அரிப்பு முழுவதும் அந்த மிளகின் தலையில் இறங்குகிறது. மாறாக, பெரிய அலுமினியச் சட்டத்தில் சின்ன எஃகு ரிவெட் வைத்தால் அரிப்பு பரவலாகி ஒன்றும் ஆவதில்லை. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் தீவில், சுற்றிலும் உப்புக் கடலும் இருந்தால் இந்தக் கணக்கு வேகமாக நடக்கிறது.

இதனால்தான் 2004இல் கட்டட, கட்டுமான ஆணையம் சட்டமே கொண்டுவந்தது. இப்படி வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல்களில் அலுமினிய ரிவெட் இருந்தால் வீட்டுக்காரர் எஃகு ரிவெட்டாக மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பராமரிக்காமல் விட்டு ஜன்னல் கீழே விழுந்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடானாலும் சரி, கொண்டோவானாலும் சரி, ஜன்னலுக்குப் பொறுப்பு வீட்டுக்காரர்தான். ஊரில் என் அப்பா வீட்டு ஜன்னல் கொக்கிக்குச் சட்டம் எதுவும் இருந்ததில்லை. அங்கே கதவு கழன்று விழுந்தால் திண்ணையில் விழும்.

ரிவெட் எஃகா அலுமினியமா என்று பார்க்கச் சிலர் காந்தம் வாங்கி வைத்திருக்கிறார்கள். பயனில்லை, அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, இந்த வகை எஃகிலும் ஒட்டாது. அலுமினியம் மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும், எஃகு பளிச்சென்று இருக்கும். சந்தேகமென்றால் துளைக்கும்போது தெரிந்துவிடும். அலுமினியம் மெத்தென்று சுருள் சுருளாக வரும், எஃகு கிறீச்சிட்டு அடம்பிடிக்கும்.

பாட்டி கீலுக்கு நல்லெண்ணெய் வேறு ஊற்றியிருந்தார். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி, நகரும் கட்டையை நகரவிடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். "எண்ணெய் குளியல் நமக்குத்தான் பாட்டி, ஜன்னலுக்கு வேணாம்" என்றேன். சிரித்துவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.

ஏப்ரல் 17, புதன்

ஜாலான் புசார். ஸ்டே வாங்கப் போனால் கடை முதலாளி வழக்கம்போல நீளத்தை மட்டும் கேட்டார். நான் கேட்பது அது தாங்கும் எடையை. நீளம் பொருந்துவதைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் செய்த வேலையைப் பின்னால் போய்த் திருத்துவதுதான் என் பிழைப்பில் பாதி.

ஏப்ரல் 19, வெள்ளி

தோ பாயோவில், தீவு விரைவுச்சாலையை ஒட்டிய ஒரு கொண்டோ. வங்கியில் வேலை செய்யும் பெண், குரலில் கோபம்.

"அண்ணா, இவ்வளவு செலவு பண்ணி டபுள் கிளாஸ் போட்டோம். லாரிச் சத்தம் இன்னும் தலைமாட்டுலதான் நிக்குது. இப்ப ஹேண்டிலும் முறிஞ்சிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை, பாதி வேலைதான் செய்திருந்தார்கள். படுக்கையறை ஜன்னல் கதவு 60 சென்டிமீட்டர் அகலம், 120 உயரம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டரை கிலோ எடை. முன்பிருந்த ஆறு மில்லிமீட்டர் கண்ணாடிக்கு ஏறத்தாழ 11 கிலோ. ஆறும் ஆறுமாக இரட்டைக் கண்ணாடி போட்டதும் 21 கிலோவுக்கு மேல். கண்ணாடியையும் சட்டத்தையும் புதிதாகப் போட்டவர்கள் கீலை மட்டும் பழைய எடைக்குரியதாகவே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பெட்டி சுமந்தவனுக்கு ஒற்றைப் பெட்டிக்கான கூலி கொடுத்த கதை.

காகிதச் சோதனை செய்து காட்டினேன். ஒரு துண்டுக் காகிதத்தைச் சட்டத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து ஜன்னலை மூடிப் பூட்டி, இழுத்துப் பார்ப்பது. கீல் பக்கம் காகிதம் வரவில்லை, கிழிந்தது. பூட்டுப் பக்கம் கீழே இறுக்கமாகவே வந்தது. மேல் மூலையில் மட்டும் வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் தானே வாங்கி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

கதவு சரிந்ததால், சட்டத்துக்குள் ஓடும் பூட்டுப் பட்டையின் முளைகள் எதிரே இருக்கும் கொக்கிக்குள் முழுதாக நுழையவில்லை. நுழையாததால் ரப்பர் அழுந்தவில்லை. ரப்பர் அழுந்தாத இடுக்கு வழியாகக் காற்று வரும், காற்று வரும் வழியில் சத்தமும் வரும். கண்ணாடி எத்தனை அடுக்கு இருந்தாலும் அந்த இடுக்குக்கு முன்னால் எடுபடாது. இவர் ஆத்திரத்தில் பலம்கொண்ட மட்டும் திருப்ப, கைப்பிடியின் சதுரத் தண்டு முறிந்திருக்கிறது.

கனத்துக்கேற்ற ஸ்டே போட்டு, கதவைத் தூக்கி நிறுத்தி, கொக்கிகளை இடம்மாற்றி வைத்தேன். உதவிக்கு வந்த பையன் அதுவரைக்கும் உள்ளே கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். கடைசியில்தான் புதுக் கைப்பிடி. இப்போது ஒரு விரலால் திரும்பியது. மூடியதும் மோட்டார்சைக்கிள் சத்தமும் ஹாரனும் அடங்கிவிட்டன.

லாரியின் உறுமல் மட்டும் அடியில் லேசாக நின்றது. அதையும் சொல்லித்தான் வந்தேன். இரண்டு கண்ணாடியும் ஒரே கனத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அலைவரிசைக்கு இசைந்து அதிரும். ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருந்தால், அல்லது நடுவில் படலம் ஒட்டிய கண்ணாடியாக இருந்தால், அந்த உறுமலும் குறையும். விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் விலைப்பட்டியலில் இன்னொரு வரி எழுத வேண்டும்.

ஏப்ரல் 20, சனி

அதே வீட்டு இன்னோர் அறையில் கண்ணாடிக்குள் மூடுபனி. அந்தப் பெண் அனுப்பிய படத்தைக் காலையில் பார்த்தேன்.

இரட்டைக் கண்ணாடிக்கு நியூயார்க்கில் தாமஸ் ஸ்டெட்சன் 1865இல் காப்புரிமை வாங்கினார். குளிர்நாட்டுச் சரக்கு. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் விளிம்பைச் சுற்றி ஓர் இடைப்பட்டை, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள், வெளியே பசை. பசை விட்டுவிட்டால் ஈரக்காற்று உள்ளே போகும், மணிகள் குடிக்கும்வரை குடித்துவிட்டுக் கைவிடும். குளிர்நாட்டில் பனி வெளிக் கண்ணாடியின் உட்பக்கம் படியும். நமக்குத் தலைகீழ். ஏசி ஓடும் அறையில் குளிர்ந்திருப்பது உள் கண்ணாடி, அதனால் இடைவெளியைப் பார்த்த அதன் முகத்தில் படிகிறது. அறைக்குள்ளிருந்து துடைத்தாலும் போகாது, வெளியிலிருந்து துடைத்தாலும் போகாது.

ஓட்டை போட்டு உலர்த்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, பசை விட்டது விட்டதுதான். ஆனால் ஜன்னலையே மாற்றச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். சட்டம் அப்படியே இருக்கட்டும், கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். அதோடு சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பார்க்க வேண்டும். அவை தூசியும் எறும்புமாக அடைத்துக்கொண்டால் கண்ணாடியின் அடிவிளிம்பு தண்ணீரில் ஊறிக்கொண்டே இருக்கும். பசை விடுவதற்கு அதுவே போதும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு பழைய கடைவீடு, மாடியில் தங்கும் விடுதி. லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. தெருவைப் பார்த்த மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு அலுமினியம் வைக்க முடியாது. எனவே மர ஜன்னலை அப்படியே விட்டு, ஒரு சாண் உள்ளே தள்ளி இரண்டாவதாக ஒரு கண்ணாடி ஜன்னல் போட்டிருக்கிறார்கள். இடைவெளி அகலமாக இருப்பதால் சத்தத்துக்கு இது ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைவிட நன்றாகவே வேலை செய்கிறது. நடுவில் பல்லி எச்சம் சேர்வது தனிக் கதை.

கூப்பிட்டது தாழ்ப்பாளுக்கு. வழக்கம்போல நோய் வேறிடத்தில். பித்தளைக் கீலில் எவரோ சாதாரண இரும்புத் திருகு போட்டிருந்தார். பித்தளையோடு சேர்ந்த இரும்பு துருவேறிக் கரைந்து, மரத்தில் ஓட்டை விரிந்து, கதவு தொங்கிவிட்டது. தேக்காப் பாட்டி வீட்டில் நடந்ததேதான், ஆள் மட்டும் வேறு. ஓட்டைகளில் சேங்கல் மர ஆப்பு அடித்து, பசை காய்ந்ததும் பித்தளைத் திருகே போட்டேன். கீல் பழையதே. அந்த வார்ப்பு இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

திரும்பும்போது கெர்பாவ் ரோட்டில் டான் தெங் நியா வீட்டு வாசலில் வழக்கமான கூட்டம். 1900இல் கட்டிய வீடு. வண்ண வண்ணமான ஜன்னல் பலகைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிறமெல்லாம் கண்ணில் படுவதில்லை, கீல் எப்படி நிற்கிறது என்றுதான் பார்த்தேன். நன்றாகவே நிற்கிறது.

ஏப்ரல் 26, வெள்ளி

இன்று பால்கனிக் கதவு. இரட்டைக் கண்ணாடி, மூன்று இடத்தில் பூட்டும் வகை. ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இணையத்தில் புதுப் பூட்டே வாங்கி மேசைமேல் வைத்திருந்தார்.

"சாவி திரும்பமாட்டேங்குது தம்பி. பூட்டை மாத்திடுங்க."

"கதவத் திறந்து வச்சுக்கிட்டு சாவியைத் திருப்பிப் பாருங்க ஐயா."

வழுக்கிக்கொண்டு திரும்பியது. திறந்திருக்கும்போது திரும்பும் பூட்டு மூடினால் திரும்பவில்லையென்றால் பூட்டில் கோளாறு இல்லை, கதவு இறங்கியிருக்கிறது. அளந்தேன். பூட்டுப் பக்கம் மூன்று மில்லிமீட்டர்.

கீலைத் திருகி உயர்த்திவிட்டுப் போகலாம். கொஞ்ச நாளில் மறுபடி இறங்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே வைக்க வேண்டிய பிளாஸ்டிக் துண்டுகள் அடியில் சமமாக இரண்டு மட்டும் கிடந்தன. கீல் பக்கத்துக் கீழ் மூலையில் ஒன்று, பூட்டுப் பக்கத்து மேல் மூலையில் ஒன்று என்று குறுக்காக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் கண்ணாடியின் பாரம் கீலின் அடியில் போய் இறங்கும், மெல்லிய சட்டம் தொங்கவிடாமல் கண்ணாடியே அதை முட்டுக்கொடுத்து நிறுத்தும். நெம்பித் தூக்கித் துண்டுகளைச் செருகினேன். பூட்டுப் பக்கம் கண் முன்னாலேயே மேலேறியது. மூடினேன், சாவி திரும்பியது.

ஐயா சாவியை நாலைந்து தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரிக்காத பூட்டுப் பெட்டியையும் என்னையும் பார்த்தார்.

"பூட்டையே தொடலையே தம்பி. எதுக்குக் காசு?"

"அதைத் தொடாம இருந்ததுக்குத்தான் ஐயா."

பத்து வெள்ளி குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார். பூட்டைத் திருப்பி அனுப்பப் போகிறாராம். அறை ஜன்னல்களின் ரிவெட்டையும் அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.