பொருள்வயிற் பிரிந்தோர்க்கு ஒரு காப்பு

பொருள் தேடிப் பிரியும் பிரிவைப் பாலைத் திணையில் வைத்துப் பாடினர் நம் முன்னோர். அப்பிரிவு இன்றும் தொடர்கின்றது. நேப்பாளம், வங்காளதேசம், தமிழகம் முதலிய இடங்களிலிருந்து மலேசியா வரும் தொழிலாளர், மனைவி மக்களை விட்டுத் தோட்டங்களிலும் கட்டுமானத் தளங்களிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். தனிமையும் அறியாமையும் கூடுமிடத்தில் எச்.ஐ.வி. கிருமிக்கு வழி பிறக்கின்றது. குற்றம் மனிதனுடையதன்று, சூழலுடையது.

இத்தொழிலாளர்க்கான மருத்துவச் சோதனையை 1997 முதல் போமீமா அமைப்பு நிருவகித்து வருகின்றது. கிருமி கண்டறியப்பட்டவர் வேலை இழந்து தாயகம் திரும்ப நேர்கின்றது. அவ்வச்சமே பலரை வாய்மூட வைக்கின்றது. மேலும், சோதனை நோயைக் காட்டுமேயன்றித் தடுக்காது. தொற்றிய முதல் சில வாரங்களில் காட்டாமலும் போகலாம்.

தடுக்க வல்லது அறிவே. பாதுகாப்பற்ற உடலுறவாலும், பிறர் பயன்படுத்திய ஊசியாலும் இக்கிருமி பரவும். தாயிடமிருந்து சேய்க்கும் செல்லக்கூடும். ஒரே தட்டில் உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, கொசுக்கடியாலோ பரவாது. ஆணுறை காக்கும். நாள்தோறும் தவறாது மருந்துண்டு, குருதியில் கிருமி கண்டறிய இயலா அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், உடலுறவு வழி பிறர்க்குத் தொற்றாது என்பது மருத்துவம் கண்ட உண்மை.

இவ்வுண்மைகள் தொழிலாளரின் தாய்மொழியில், அவர்தம் குடியிருப்பிலேயே சொல்லப்படல் வேண்டும். புரியாத மொழியில் தரப்படும் துண்டறிக்கை வெறுந்தாளே. பிரிந்து சென்றவன் பொருளோடு மட்டுமன்றி நலத்தோடும் இல்லம் மீள்வதே பிரிவின் பயன் அன்றோ?