ஸ்பிறிங் துவக்கும் காஸ் துவக்கும்

துவக்குத் திருத்துகிறவர் குழலை மடக்கிச் சன்னம் போட்டு மூடுகிறார். குழலும் சிலிண்டரும் சேருகிற மூட்டின் மேல் ரிசுப் பேப்பரில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்து வைக்கிறார். பின்சுவரோடு அடுக்கியிருக்கும் மணல் மூட்டையை நோக்கிச் சுடுகிறார். பேப்பர் துள்ளிக் கீழே விழுகிறது.

"பாத்தீங்களா தம்பி, இது இடையால மூச்சு விடுது. காத்து சன்னத்துக்குப் பின்னால போகாம வெளியால போகுது. இதுக்கு ஸ்பிறிங்க மாத்தி என்ன பிரயோசனம்?"

ஒரு றபர் வளையத்தை மாற்றினால் முடிகிற வேலை அது. இதற்கு முன் பார்த்த யாரோ ஸ்பிறிங்கைக் குற்றம் சொல்லி, அதைவிடத் தடித்த ஒன்றைத் திணித்து, காசும் வாங்கியிருக்கிறார். எயார் ரைபிள் என்று வந்தால் பலமான ஸ்பிறிங்தான் மருந்து என்று நினைக்கிறவர்கள் அதிகம். சிலிண்டருக்குள் அடங்குகிற காற்று ஓர் அளவுதான். அந்த அளவுக்கு மேல் ஸ்பிறிங்கைக் கூட்டினால் சன்னத்தின் வேகம் கூடாது. உதைதான் கூடும், பிஸ்டன் தலையிலுள்ள வாசர்தான் கிழியும்.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே வந்தால் பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான், அடுத்தது தன்னாமுனை. மேற்கே வாவி, வீதிக்குக் கிழக்கே பனையும் மரமுந்திரிகையும் நிற்கிற மணல் நிலம். அவருடைய பட்டறை வீதியிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கொட்டிலில் இருக்கிறது. தண்ணீர்ப் பம்புகள், தோணி எஞ்சின்கள், மருந்தடிக்கும் மெசின்கள்: சோறு போடுவது அவைதான். எயார் ரைபிள் இடைக்கிடை வரும். ஆனால் மனுசனுக்கு அதைக் கையில் எடுத்தால் முகம் மாறிவிடும். பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை முழுக்க அவர் வெறும் 'அண்ணன்'.

பெயர் வேண்டாம் என்பதற்குக் காரணம் கேட்கத் தேவையிருக்கவில்லை. வருகிற வழியிலேயே சத்துருக்கொண்டானில், 1990 செப்டம்பர் 9 இரவு அந்த ஊரிலிருந்தும் அயல் கிராமங்களிலிருந்தும் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. எண்பதுகளில் வீடுகளில் இருந்த சொட்கன்களை ஆயுத இயக்கங்கள் வாங்கிக்கொண்டு போன கதையை இங்கே வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். இந்தக் கரையில் சூட்டுச் சத்தத்தை விளையாட்டு என்று சொல்ல ஒரு தலைமுறை கழியவேண்டியிருந்தது. இப்போதும் அண்ணன் சுடுவதற்கு முன் பக்கத்து வளவுக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் சுடுகிறார்.

அன்றைக்கு மேசையில் இரண்டு துவக்குகள் கிடந்தன. இரண்டும் குழல் மடக்கி ஏற்றுகிறவை, இரண்டும் 4.5 மில்லிமீற்றர். ஒன்று ஸ்பிறிங். மற்றது காஸ்.

முதலில் ஸ்பிறிங் துவக்கைப் பிரித்தார். சுடாமல் சும்மா இருக்கும்போதே உள்ளே ஸ்பிறிங் நெருங்கித்தான் கிடக்கிறது. பின்பக்கத்து ஆணியைக் கவனமில்லாமல் தட்டினால் விசைக் கட்டை மூஞ்சைக்கு வரும். அதற்காக மரப்பலகையில் ஜீ-கிளாம்ப் பூட்டி அவரே ஓர் அமைப்புச் செய்து வைத்திருக்கிறார். ஆணியைக் கழற்றிக் கிளாம்பை மெல்ல மெல்லத் தளர்த்த, ஸ்பிறிங் இரண்டு மூன்று அங்குலம் வெளியே வந்து ஓய்ந்தது. அதோடு கறுத்துக் கட்டியான கிறீஸ்.

ஸ்பிறிங்கைத் துடைத்து ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டினார். நேராக ஓடினால் நல்லது, நொண்டினால் வளைந்திருக்கிறது. இது நொண்டியது. இரவு முழுக்க ஏற்றியபடி வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். புதிய ஸ்பிறிங்கின் இரண்டு முனைகளையும் கல்லில் பிடித்துத் தட்டையாக்கி, எமரிக் கடதாசியால் பளபளப்பாக்கினார். மறுகா லேத்தில் நைலோன் கம்பி ஒன்றைப் பிடித்து, ஸ்பிறிங்கின் உள்ளே இறுக்கமாகப் போகிற அளவுக்குக் கடைந்தார். தொழிற்சாலை போட்டுவிட்ட இரும்பு வழிகாட்டி லொடலொடவென்று இருந்தது. சுட்டவுடன் ஸ்பிறிங் அதில் அடித்துக் கிண்ணென்று அதிர்வதற்குக் காரணம் அந்த இடைவெளிதான். மில்லிமீற்றரில் பத்தில் சில பங்குதான் விசயம். கடைந்து, போட்டுப் பார்த்து, கழற்றி, திரும்பக் கடைந்து, கடைசியில் கையால் தள்ளினால் மட்டும் ஏறுகிற பதத்தில் நிறுத்தினார். கிறீஸை விரல் நுனியால் பூசினார், அதுவும் ஸ்பிறிங்குக்கு மட்டும். வாசருக்கு முன்னால் எண்ணெய் போகக்கூடாது. பிஸ்டன் காற்றை அடிக்கும் அந்தக் கணத்தில் அங்கே சூடு பல நூறு பாகைக்கு ஏறும். எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சின்போல வெடித்து எரியும். புகையும் சத்தமும் வருவதைப் பார்த்துத் துவக்கு 'பலமாயிட்டு' என்று சந்தோசப்படுகிற ஆட்களும் உண்டாம்.

பழைய துவக்குகளில் வாசர் தோலில் இருந்தது. 1905 இல் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் லிங்கன் ஜெஃப்ரீஸின் வடிவமைப்பில் செய்யத் தொடங்கிய எயார் ரைபிள்களும் அப்படித்தான். அந்த வகையில் ஒன்று எப்போதாவது வந்தால் அண்ணன் மாட்டுத்தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, தான் கடைந்த அச்சில் அமத்திக் கிண்ணமாக்கி, பிஸ்டன் தலையில் பூட்டிக் கொடுத்துவிடுவார். நூறு வருசத்துச் சாமானுக்கு உதிரிப்பாகம் தேடி அலையவேண்டியதில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்கட்டும், நியாயமான பெருமை.

காஸ் துவக்கின் கதை வேறு. ஸ்பிறிங் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் அடைத்த குழாய்; அதற்குள் உயர் அழுத்தத்தில் வாயு, வழக்கமாக நைதரசன். வானின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கிற தண்டு எந்த முறையில் வேலைசெய்கிறதோ அதே முறை. ஏற்றும்போது தண்டு உள்ளே போய் வாயுவை மேலும் நெருக்குகிறது. விசையை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளுகிறது. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் டேவிட் தியோபால்டும் பென் டெய்லரும் சேர்ந்து தங்கள் பெயர்களையே ஒட்டி வைத்த 'தியோபன்' நிறுவனம்தான் இதை எயார் ரைபிளுக்குள் கொண்டுவந்து பெயர்பெற்றது. அவர்களுடைய துவக்கில் ஒரு வால்வு இருந்தது. வைத்திருப்பவரே பம்பினால் அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பிறகு பெரிய நிறுவனங்கள் மலிவாக்கிச் சந்தைக்கு விட்டபோது அந்த வால்வைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். இப்போது சாதாரணமாகக் கிடைப்பது பட்டி அடித்து மூடிய குழாய். வாயு போனால் முழுக் குழாயும் குப்பை.

அண்ணனுடைய மேசைக்குக் கீழே செத்த குழாய்கள் கொஞ்சம் ஒரு பெயின்ற் வாளிக்குள் கிடக்கின்றன. "இதில எனக்கு என்ன வேலை இருக்கு தம்பி? கழட்டலாம், பூட்டலாம். அதுக்கு என்னத்துக்கு மெக்கானிக் எண்டு ஒருத்தன்?" ஒருவன் அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டானாம். வாயு மிச்சமிருந்தால் உன் கைதான் அறுபடும் என்று அனுப்பிவிட்டார்.

வெளிநாட்டு விளம்பரங்களில் காஸ் துவக்கைப் புகழ்கிற முதல் காரணம் குளிர். பனிக்காலத்தில் ஸ்பிறிங் துவக்கின் கிறீஸ் இறுகிவிடும், காஸ் மாறாது என்பார்கள். தன்னாமுனைக்கு இது எதற்கு? இங்கே விடியற்காலை 24 பாகை, பகல் 35 பாகை என்று வைத்துக்கொண்டாலும் குழாயின் அழுத்தம் நூற்றுக்கு நாலு பங்குகூட மாறாது. இங்கே எதிரி உப்புக் காற்று. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊரில் இரும்பு எதுவும் நிம்மதியாக இருப்பதில்லை. ஸ்பிறிங்கில் துரு பிடித்தால் துடைத்து எண்ணெய் பூசலாம். காஸ் குழாயின் மினுங்குகிற தண்டில் துரு குழி விட்டால் அந்தக் குழி உள்ளே இருக்கிற சீலைச் சுரண்டும். வாயு கசிந்து முடியும். வாளிக்குள் கிடந்தவற்றில் பலவற்றின் தண்டு அப்படிப் பொரிந்திருந்தது.

சுட்டுப் பார்க்காமல் எழுதுவது சரியல்ல. கொட்டிலுக்குப் பின்னால் பதினைந்து மீற்றர் அளவு தூரத்தில் மணல் மூட்டைகளுக்கு முன்னால் கடதாசி மட்டை ஒட்டியிருந்தார்.

ஸ்பிறிங் துவக்கை மடக்கும்போது பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. உள்ளே சுருள்கள் நெருங்குவது கைக்குத் தெரியும். விசை இழுத்ததும் நடப்பதுதான் விசித்திரம்: பிஸ்டன் முன்னால் பாய்கையில் துவக்கு பின்னால் உதைக்கிறது; பிஸ்டன் காற்று மெத்தையில் மோதி நின்றதும் முன்னால் இழுக்கிறது. இந்த இரட்டை உதையால்தான் வேட்டைத் துவக்குக்குச் செய்த நல்ல ஸ்கோப்கூட எயார் ரைபிளில் உடைந்துபோகிறது. சன்னம் குழலைவிட்டுப் போவதற்கு முன்பே துவக்கு அசையத் தொடங்கிவிடுவதால் இறுக்கிப் பிடித்தால் குறி தப்பும். இடது உள்ளங்கையில் சும்மா கிடத்தி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடவேண்டும். "அது தன்ர பாட்டில போகட்டும். நீங்க மறிக்காதீங்க" என்றார் அண்ணன். அவர் கடைந்த நைலோன் வழிகாட்டியின் வேலை முதற்சூட்டிலேயே தெரிந்தது. கிண்ணென்ற அதிர்வு இல்லை. ஒரு மொத்தையான தட்டல் மட்டும்.

காஸ் துவக்கு ஆரம்பத்திலேயே பாரம். மடக்கத் தொடங்கிய இடத்திலேயே முழு வாயுவும் எதிர்த்து நிற்கிறது. சூடு சட்டென்று முடிகிறது: ஸ்பிறிங் முறுக்கி அவிழ்கிற அந்தத் திருகல் இல்லை, பிஸ்டன் விரைவாகப் போகிறது, கன்னத்தில் ஒரு கூர்மையான அடி. முதல் சில சூடுகளுக்கு இதுதான் நல்லது என்று தோன்றும். பின்னேரம் முழுக்கச் சுட நினைக்கிறவருக்குத் தோள் வேறு மாதிரிச் சொல்லும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சுடுகிற இன்பத்துக்கென்றால் மிதமான பலமுள்ள, நன்றாகத் திருத்திய ஸ்பிறிங் துவக்குத்தான். இங்கிலாந்தில் உரிமம் இல்லாத எயார் ரைபிளுக்கு எல்லை 12 அடி-இறாத்தல், ஏறக்குறைய 16 யூல். ஜேர்மனியில் அதிலும் பாதிக்குக் குறைவு, 7.5 யூல். 16 யூலில் அரைக் கிறாம் சன்னம் செக்கனுக்கு 250 மீற்றர் போகிறது. கடதாசியில் ஓட்டை போட அதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 1970களில் உலகப் போட்டிகளில் பெயர்பெற்ற ஃபைன்வெர்க்பௌ 300 கூட ஸ்பிறிங்தான். உதையை விழுங்க முழுத் துவக்கையும் தண்டவாளத்தில் ஓட விட்டார்கள். கடலூரில் பிறந்த இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுகிற இன்றைய 10 மீற்றர் போட்டித் துவக்குகளில் ஸ்பிறிங்கும் இல்லை, காஸ் பிஸ்டனும் இல்லை. முன்கூட்டியே அடைத்த காற்றுப் போத்தல். அந்தப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளியின் குறுக்களவு அரை மில்லிமீற்றர். அது வேறு உலகம்.

அண்ணனிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கடதாசி சுடுகிறவர்கள் அல்ல. வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கத்து வயல்காரர்களும் தோட்டக்காரர்களும்தான், குரங்குத் தொல்லையோடு வருகிறவர்கள். 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவதாகப் பேச்சு எழுந்து அடங்கியது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் நின்று தோட்டத்துக் குரங்கு, மயில், மரஅணில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணியாகிவிட்டது, தேங்காய்க் குரும்பை இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. யானைக்கு யானைவெடி கொளுத்தலாம், குரங்குக்கு என்ன செய்வது என்று கேட்கிறவனுக்கு எயார் ரைபிள் ஒரு பதிலாகத் தெரிகிறது. நல்ல பதில் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பலத்துக்குக் குரங்கு அந்த இடத்திலேயே சாகாது. சன்னத்தை உடம்பில் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போய் அழுகிச் சாகும். அண்ணனும் தகரத்தில் சுட்டுச் சத்தம் எழுப்பத்தான் சொல்லிக்கொடுக்கிறார். கேட்கிறார்களா என்பது வேறு.

அன்று இன்னொரு காஸ் துவக்கைக் கொண்டுவந்தவரும் ஒரு வயல்காரர்தான். ஏன் காஸ் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "பரணில ராவு முழுக்க ஏத்தி வெச்சாலும் ஒண்டும் ஆகாதெண்டு கடையில சொன்னாங்க." கடைக்காரர் சொன்னதில் பொய்யில்லை, ஸ்பிறிங்போல வாயு களைப்பதில்லை. அண்ணன் உளியைக் கீழே வைத்துவிட்டார். "அதுதான் மனே பயம். ஸ்பிறிங்காரன் சாமான் பழுதாப் போயிருமெண்டாவது இறக்கி வைப்பான். நீ ஏத்தின துவக்கப் பரணில வெச்சிட்டுத் தண்ணி பாக்கப் போவாய். புள்ளையள் ஏறிவந்து தொடுங்கள்." பட்டியலில் நன்மை என்று எழுதிய ஒன்றை அவர் ஆபத்துப் பக்கத்தில் சேர்த்த விதம் எனக்குப் பிடித்தது. துவக்கைப் பற்றிய எந்தப் புத்தகத்திலும் பரணில் ஏறும் பிள்ளைகள் வருவதில்லை.

வயல்காரரின் குழாய் செத்துவிட்டிருந்தது. குழலை மடக்கினால் பாரமே இல்லை. புதிய குழாய் கொழும்பிலிருந்து வரவேண்டும், வரும் என்ற நிச்சயமும் இல்லை. அண்ணன் பிஸ்டனை வெளியே எடுத்து வேர்னியரால் உள்விட்டத்தை அளந்தார், ஆழத்தை அளந்தார், சுவரில் சோக்கால் எழுதினார். காஸ் குழாய் இருந்த இடத்தில் ஸ்பிறிங் போட இடம் இருக்கிறது. முன்பக்கத்துக்கு ஒரு தொப்பி, பின்பக்கத்துக்கு ஒரு வழிகாட்டி, இரண்டையும் கடையவேண்டும். விசைக் கட்டையில் அது குந்துகிற இடத்தைக் கொஞ்சம் அகட்டவேண்டும்.

"காஸ் துவக்க ஸ்பிறிங் துவக்கா மாத்துறதா?" என்று வயல்காரர் சந்தேகத்தோடு கேட்டார்.

"ஓம். மூண்டு மில்லிமீற்றர்க் கம்பியில ஸ்பிறிங் ஒண்டு தேடணும். கிடைச்சா அடுத்த கிழமை வா. ராவில ஏத்தி வைக்கிறதில்லையெண்டு சொன்னாத்தான் தருவன்."

வயல்காரர் தலையாட்டினார். அண்ணன் துவக்கின் பாகங்களை ஒரு பழைய மா வாளிக்குள் போட்டு மூடி, அடுத்து நின்றவரின் தண்ணீர்ப் பம்பை மேசையில் தூக்கி வைத்தார்.