நான்காவது லேன்

காலை ஒன்பதரைக்கு நான் உள்ளே போனபோது, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல்லை ஊற்றி முடித்திருந்தார் ஆய்வக உதவியாளர். சென்னையில், ஹார்மோன்களை ஆராயும் ஒரு பல்கலைக்கழகத் துறை. "அண்ணே, செட் ஆயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் முனைவர் பட்ட மாணவி. அண்ணன் ஜெல்லைத் தொடவில்லை. மிச்சக் கரைசல் இருந்த குழாயை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். அசையவில்லை. "ஆயிடுச்சும்மா, சீப்பை எடுத்துடலாம்." ஜெல்லின் மூலப்பொருளான அக்ரிலமைடு, உறையாதவரை நரம்பைத் தாக்கும் நஞ்சு. அதனால் இந்த அறையில் கையுறை இல்லாத கை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

நான் இங்கே வந்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் பெரியம்மாவின் மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை வைத்துத்தான் ஐந்து வருஷம் தினமும் டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிட்டார். ஈ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஹார்மோன் வந்து உட்காருவதற்கென்று செல்லுக்குள் இருக்கும் புரதம். 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குக் கொடுத்து, கருப்பை போன்ற சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதைக் கண்டார். அப்படித்தான் இந்த ஏற்பி இருப்பது தெரிந்தது. மருத்துவமனையில் இதைத் திசுச் சீவலில் நிறமேற்றிப் பார்த்துவிடுகிறார்கள். ஒரு மருந்து கொடுத்தால் இந்தப் புரதம் செல்லுக்குள் கூடுகிறதா, குறைகிறதா என்று ஆராய்பவர்களுக்கு வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனை வேண்டும்.

அன்று ஜெல்லில் நான்கு லேன்கள். முதலாவதில் எடை தெரிந்த புரதங்களின் கலவை, 'லேடர்' என்பார்கள். இரண்டாவதில் எம்.சி.எஃப்-7 செல்களின் சாறு. 1970இல் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரல் உறையில் தேங்கிய நீரிலிருந்து எடுத்த செல்களின் வழிவந்தவை இவை, ஈ.ஆர். நிறைய உள்ளவை. மூன்றாவதில் அதே செல்கள், ஃபல்வெஸ்ட்ரண்ட் மருந்து கொடுத்தவை. ஏற்பியைப் பிடித்து, செல்லே அதைச் சிதைக்கும்படி செய்வது அந்த மருந்தின் வேலை. நான்காவதில் எம்.டி.ஏ-எம்.பி-231. இதுவும் மார்பகப் புற்றுநோய்ச் செல்தான், ஆனால் ஈ.ஆர். இல்லாதது.

இந்தச் செல்களை வளர்ப்பதே ஒரு விரதம்போல. வளர்ப்புக் கரைசலில் வழக்கமாகச் சேர்க்கும் ஃபீனால் ரெட் என்ற சிவப்புச் சாயமே லேசாக ஈஸ்ட்ரோஜன்போல நடந்துகொள்ளும் என்று 1986இல் கண்டுபிடித்தார்கள். அதனால் நிறமில்லாத கரைசல்; சீரத்தில் இருக்கும் ஹார்மோனையும் கரித்தூளால் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள்.

செல்களை உடைத்த சாறு, ஐஸில் புதைத்து வைத்த சின்னக் குழாய்களில் இருந்தது. ஐஸ் உருகிவிட்டால் செல்லின் நொதிகளே நாம் தேடும் புரதத்தைத் தின்றுவிடும். நீலச் சாயம் கலந்து, 95 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்தார் மாணவி. பிறகு பேச்சு நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, பிப்பெட் முனையை, ஜெல்லில் சீப்பு விட்டுச்சென்ற குழியின் வாயில் வைத்து மெல்ல அழுத்தினார். நீலம் புகைபோல இறங்கி அடியில் படிந்தது. ஒவ்வொரு குழியிலும் 30 மைக்ரோகிராம் புரதம். ஒரு துளி பக்கத்துக் குழிக்குச் சிந்தினாலும் மூன்று நாள் வேலை வீண்.

மின்சாரம் பாய்ந்ததும் புரதங்கள் கீழ்நோக்கி ஓடின. திருவிழாக் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் கால்களுக்கிடையில் நுழைந்து ஓட, பெரியவர்கள் பின்தங்குவதுபோல, சிறியவை முந்தின. நாம் தேடும் ஏற்பியான, 595 அமினோ அமிலங்கள் கொண்ட ஈ.ஆர். ஆல்ஃபா 66 கிலோடால்டன் அருகே நிற்க வேண்டும்.

மதியம் டிரான்ஸ்ஃபர். ஜெல்லில் பிரிந்த புரதங்களை அப்படியே ஒரு மெம்பிரேனுக்கு மாற்றும் இந்த முறையை, 1979இல் பாசெல் நகரில் டோபினும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். டி.என்.ஏ.வுக்கு இதேபோன்ற முறையைக் கண்டவர் எட்வின் சதர்ன். அவர் பெயர் தெற்குத் திசையைக் குறிப்பதால், புரதத்துக்கான இந்த முறைக்கு 1981இல் பர்னெட் 'வெஸ்டர்ன்' என்று பெயர் வைத்தார். ஜெல்லின் மேல் மெம்பிரேனைப் படியவைத்து, கண்ணாடிக் குழாயைச் சப்பாத்திக் கட்டைபோல உருட்டினார் மாணவி. ஒரு காற்றுக்குமிழ் மாட்டினாலும் அந்த இடம் வெள்ளையாக நின்றுவிடுமாம். அப்புறம், கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்த கரைசலில் ஒரு மணி நேரம். தேடும் புரதத்தில் ஒட்ட வேண்டிய ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதபடி, மெம்பிரேனின் காலி இடங்களைப் பால் புரதம் மூடிவிடும். கடைசியில் பிரைமரி ஆன்டிபாடியில் போட்டு, இரவு முழுக்க கோல்டு ரூமில் ஆடவிட்டார்கள்.

இந்த ஆன்டிபாடியை நம்பித்தான் மொத்த வேலையும். அது வேறொரு புரதத்தில் ஒட்டினாலும் மெம்பிரேனில் 'பேண்ட்' என்னும் கோடு விழும். பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. ஈ.ஆர். ஆல்ஃபாவின் தங்கை, ஈ.ஆர். பீட்டா, 1996இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது மார்பகத்தில் இருக்கிறது என்று எத்தனையோ கட்டுரைகள் வந்தன. 2017இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஆய்வு, பீட்டாவுக்கு என்று பயன்படுத்திவந்த 13 ஆன்டிபாடிகளைச் சோதித்தது. சரியாக வேலை செய்தது ஒன்றுதான். அதைக் கொண்டு தேடியபோது மார்பகத் திசுவில் பீட்டா தென்படவில்லை. இருபது வருஷ உழைப்பில் எவ்வளவு இப்படிப் போயிற்றோ என்று நினைத்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஏமாற்ற நினைத்து யாரும் செய்ததல்ல. அந்தப் புரதம் இல்லாத இடத்திலும் ஆன்டிபாடியைச் சோதித்துப் பார்க்காததால் வந்தது.

"போன மாசம் எனக்கே ஆச்சு சார்," என்றார் மாணவி. புதிதாக வாங்கிய ஆன்டிபாடி, எம்.சி.எஃப்-7இல் அழகான பேண்ட். நான்காவது லேனிலும் அதே உயரத்தில் இன்னொன்று. "அந்த லேனைப் போடாம விட்டிருந்தா சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பேன்." மூன்று வாரப் படங்களை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். மெம்பிரேனைத் துண்டாக வெட்டி, வேண்டிய உயரத்தை மட்டும் பார்க்கும் பழக்கத்தையும் அன்றோடு விட்டுவிட்டாராம். முழு லேனும் தெரிய வேண்டும் என்றார்.

மறுநாள் கழுவி, செகண்டரி ஆன்டிபாடி போட்டு, மறுபடி கழுவி, ஒளிரும் கரைசலை ஊற்றிக் கருவிக்குள் வைத்தார்கள். அரை நிமிஷம். திரையில் இரண்டாவது லேனில், 66க்கு நேராக, மையால் இழுத்ததுபோல ஒரு பேண்ட். மூன்றாவதில் நிழல் மட்டும். நான்காவதில் ஒன்றுமில்லை. மாணவி வெளிச்ச நேரத்தை நீட்டினார். ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், ஐந்து. இரண்டாவது லேன் கறுத்து வீங்கியது. நான்காவது அப்படியே இருந்தது.

உடனே யாரும் மகிழவில்லை. அந்த லேனில் புரதமே ஏறாமல் போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும். மெம்பிரேனிலிருந்து பழைய ஆன்டிபாடியைக் கழற்றிவிட்டு, எல்லாச் செல்லிலும் இருக்கும் பீட்டா ஆக்டினைத் தேடினார்கள். சாயங்காலம் ஆகிவிட்டது. 42 கிலோடால்டனில், செல் சாறு ஏற்றிய மூன்று லேன்களிலும் ஒரே கனத்தில் மூன்று பேண்ட்கள். அப்போதுதான் மாணவி கையுறையைக் கழற்றிவிட்டு நோட்டில் தேதி போட்டார். பக்கத்தில் '1' என்று எழுதி வட்டமிட்டார்.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை வரணும் சார்," என்றார். புதிதாக வளர்த்த செல்களில், தனித்தனியாக. அண்ணன் அதற்குள் கண்ணாடித் தகடுகளைக் கழுவி, ஓரம் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தாங்கியில் நிறுத்திக்கொண்டிருந்தார்.