புகையை விட்டவனின் வேண்டுகோள்

2014 ஆம் ஆண்டு ரமளான். அம்பத்தூரில் எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலில் தராவீஹ் தொழுகைக்கு என் தோளை ஒட்டி நிற்கும் ஒன்பது வயது மகன், ஓர் இரவு என்னை விட்டு இருவர் தள்ளிப் போய் நின்றான். வீடு திரும்புகையில் காரணம் கேட்டேன். "உங்க சட்டை நாறுது அத்தா" என்றான், தலை நிமிராமலே.

நான் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புகைத்து வந்தவன். நோன்பில் 14 மணி நேரம் சிகரெட்டைத் தொடாதவன், நோன்புக் கஞ்சி குடித்த கையோடு பெட்டிக்கடைக்கு ஓடினேன். பகலில் இறைவனுக்கு அஞ்சிக் கட்டிய கையை, இரவில் அவிழ்த்து விட்டது யார்?

அன்றே விட முயன்றேன். மூன்று முறை தோற்றேன். உறக்கம் வரவில்லை. காரணமின்றி வீட்டாரிடம் சினந்தேன். என் மன உறுதியின் குறைவே இது என்று வெட்கினேன். நிகோடினுக்குப் பழகிய உடல், அது கிடைக்காதபோது செய்யும் கலகம் இது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பட்டறை வாசலிலிருந்து 30 அடியில் சிகரெட் கிடைத்தது. அதை விடுவதற்கான உதவியோ நகரின் மறுகோடியில், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருந்தது. 2002 முதல் அங்கே புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் மையம் ஒன்று உண்டு. ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்து மாறிச் சென்றேன்.

அங்கே என்னை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எப்போது புகைக்கிறாய், யாரோடு புகைக்கிறாய் என்று கேட்டார்கள். வேட்கை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீர் குடி, இடத்தை விட்டு நகர் என்றார்கள். மெல்லுவதற்கு நிகோடின் கம் தந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அதன்பின் நான் புகைக்கவில்லை.

நான் போனேன், போக இயலாதவர் எத்தனை பேர்! அம்பத்தூர் 2011 இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019 இல் தனி மாநகராட்சியாயிற்று. ஊர் பெரிதானால் ஊராள்வோரின் பொறுப்பும் பெரிதாக வேண்டாமா?

பள்ளிக்கூடத்திற்கு 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்று 2003 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை தண்டம் உண்டு. இவை தேவையே. ஆனால் தண்டம் நம்மைக் கடைவாசலிலிருந்து சந்துக்கு விரட்டுமேயன்றிப் பழக்கத்திலிருந்து விடுவிக்காது.

நான் வேண்டுவன மூன்றே. அம்பத்தூர் முதல் பூவிருந்தவல்லி வரை, அரசு சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு மாலை, பட்டறை விடும் நேரத்திற்குப் பின், புகையை விட விரும்புவோருக்கு ஆலோசனை தரட்டும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம் வீடு தேடி வந்து இரத்த அழுத்தம் பார்க்கும் பெண்மணி, "புகைப்பதுண்டா? விட விருப்பமா?" என்றும் கேட்கட்டும். கடைகளுக்கு உரிமம் தரும் உள்ளாட்சி, அந்த 100 கஜத்தையும் அளந்து பார்க்கட்டும்.

சகோதரர்களே, அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. 2016 இல் மத்திய அரசு தொடங்கிய 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். ரமளான் பகல் நமக்கு ஒன்றைக் காட்டிவிட்டது: விட முடியும். இரவுக்குத்தான் துணை தேவை.

என் மகன் இப்போது என்னிலும் உயரம். சென்ற ரமளானில் அவன் என் தோளை ஒட்டியே நின்றான்.