தொண்டைக்குள் ஒரு விளக்கு

தொண்டையை நம்பிப் பிழைப்பவர் நாம். வகுப்பறையில் செய்யுளை உரத்துப் படித்தே கம்மிய குரல், ஒரு மாதமாகியும் தெளியவில்லை. மூன்று வாரத்தைக் கடந்த கம்மலைப் பரிசோதியாது விடலாகாது என்பர் மருத்துவர்.

வைத்தியசாலை வாங்கில் எம்மருகே இருந்தவர், திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் முதியவர். அவருக்கும் அதே கம்மல். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் வேறு. "மூக்குக்குள்ள குழாய் விடுவாங்களாம், வாத்தியார். மூச்சு அடைச்சுப் போகாதா? நான் வீட்ட போறன்" என்றெழுந்தார். ஒருநாட் கூலியை இழந்து வந்தவரை அச்சம் திருப்பியனுப்பப் பார்த்தது.

"கொஞ்சம் பொறுங்க, ஐயா. நான் முதல்ல போய் வந்து சொல்றன்" என்றோம்.

வந்து சொன்னது இதுவே: குழாய் சில மில்லிமீட்டர் பருமனே; வளைந்து கொடுப்பது. மூக்கில் மரத்துப்போகும் மருந்து தெளிப்பர். தொண்டையில் அது கசக்கும். உட்கார்ந்தபடியே மூச்சு விடலாம். கண் கலங்கும், மூச்சு நிற்காது. 'ஈ' எனச் சொல்லச் சொல்லிக் குரல்நாண்களின் அசைவைப் பார்ப்பர். சில நிமிடத்தில் முடிந்துவிடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரும், மருந்து ஒவ்வாதவரும் முன்னரே தெரிவிக்கவேண்டும். மரப்பு நீங்குமுன் உண்டாலோ பருகினாலோ புரைக்கேறும்.

1854இல் சிறு கண்ணாடிகளின் துணையால் தம் குரல்நாண்களைத் தாமே கண்ட மனுவேல் கார்சியா மருத்துவரல்லர். எம்மைப்போல் தொண்டையால் வாழ்ந்த சங்கீத ஆசிரியர்.

எமக்கு நாணில் சிறு தடிப்பு. குரலுக்கு ஓய்வு விதித்தனர். முதியவரும் உள்ளே சென்றார். அவருக்கு மேலும் சோதனை வேண்டுமாம். நோயிருப்பின் காலத்தே தெரியவரும். இரண்டு வார்த்தை விளக்கமின்மையால் ஓர் உழைப்பாளி எழுந்துபோவாராயின், கருவியிருந்தும் பயன் என்ன?