ஒரு ஒயில் சீலும் எங்கட பழைய ஹைலக்ஸும்

கொமர்ஸ் படிக்கிறவன் அக்ஸிலைப் பற்றி என்ன எழுதப்போறான் எண்டு நினைக்கிற ஆக்கள் கொஞ்சம் பொறுங்கோ. கணக்கும் இதுக்குள்ள வரும்.

எங்கட வீட்டில நிக்கிறது ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், எல்.என்.106. முன்னுக்கும் முழு அக்ஸில் உள்ள சாதி. கிளிநொச்சிப் பக்கம் மாரியில வாய்க்கால் கரையால உரமும் நெல்லும் ஏத்தி இறக்கிறது இதுதான். என்ர கம்பஸ் செலவும் இதிலதான் ஓடுது. போன லீவில பாத்தால், வலப்பக்க முன்சில்லின்ர உள்பக்கம் முழுக்கக் கறுப்பு ஒயில். அதைக் காட்டி ஒரு தரகர் “முன் அக்ஸில் முடிஞ்சுது” எண்டு விலையைக் குறைச்சுக் கேட்டார். அப்பா குடுத்திடுவமோ எண்டு யோசிக்கத் தொடங்கிட்டார்.

வித்தால் இன்னொண்டு வாங்கேலுமோ? 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவை. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியிலதான். இப்ப வரியையும் சேர்த்துப் பாத்தால் எங்களுக்கு எட்டாது.

அதால முதல் அது என்ன ஒழுக்கு எண்டு பாப்பம் எண்டு தெரிஞ்ச மெக்கானிக் அண்ணையிட்டக் கொண்டுபோனம். அவர் விரலால தொட்டுப் பாத்திட்டு, “தம்பி, இது கிரீஸும் இல்லை, ஒயிலும் இல்லை. ரெண்டும் கலந்த கூழ்” எண்டார். விஷயம் இதுதான். அக்ஸில் குழாய்க்குள்ள டிஃபரென்சல் ஒயில். நுனியில, சில்லு திரும்பிற உருண்டைக்குள்ள கிரீஸ். ரெண்டுக்கும் நடுவில நிக்கிறது ஒரு சின்ன ஒயில் சீல். அது தேஞ்சால் ஒயில் உருண்டைக்குள்ள பூந்து கிரீஸைக் கரைச்சு வெளியில தள்ளும். அப்பிடியே விட்டால் டிஃபரென்சல் காயும், ஜொயின்ற் தேயும், பிரேக் பாட்டிலயும் ஒயில் படலாம். பிரேக் போனால் கணக்குப் பாக்க ஆளே இருக்காது!

அடுத்தநாள் முழுக்க நானும் அவரோட நிண்டன். ஜாக்கில மட்டும் நம்பாமல் ஸ்ராண்ட் வைச்சு, சில்லைக் கழட்டி, பிரேக் கலிப்பரைக் கம்பியால கட்டித் தூக்கிவிட்டம் (ஹோஸில தொங்கவிடக் கூடாது). பிறகு ஃப்ரீவீல் ஹப், 54 மில்லிமீற்றர் நட், ஹப்போட டிஸ்க், ஸ்பிண்டில். அதுக்குப் பிறகு அக்ஸில் கம்பி ஜொயின்றோட அப்பிடியே வெளியில வரும். உள்ளுக்கை அந்தச் சீல்! உதட்டு ரப்பர் கல்லுமாதிரி இறுகிக் கிடந்தது.

புதுசை அடிக்கேக்க ஸ்பிரிங் உள்ள பக்கம் டிஃபரென்சலைப் பாத்து இருக்கவேணும், சரியாமல் நேரே போகவேணும். உதட்டில கிரீஸ் பூசி, கம்பியின்ர பாரம் சீலில விழாமல் தாங்கித்தான் உள்ளுக்கு விடவேணும். பழைய கிரீஸை முழுக்க வழிச்சுத் துடைச்சுப்போட்டு மொலிப்டினம் கலந்த கிரீஸ் நிரப்பி, டிஃபரென்சலுக்குப் புது 90 ஒயிலும் விட்டம்.

அண்ணை அதோட விடேல்லை. “சீல் ஏன் போச்சுது எண்டு பாக்காமல் மாத்தினால் திரும்பவும் போகும்” எண்டு கம்பியில சீல் உரசிற இடத்தை நகத்தால தடவிப் பாத்தார். பள்ளம் இல்லை. பிறகு அக்ஸிலின்ர மூச்சுக்குழாயைக் கழட்டினால், சேறு இறுகி அடைச்சுக் கிடக்கு! அக்ஸில் சூடாகேக்க உள்ளுக்க காற்று விரியும். போக வழியில்லாட்டி ஒயிலைச் சீலுக்கால தள்ளும். வாய்க்கால் சேறு செய்த வேலை அது.

எங்கட பாடத்தில பெறுமானத்தேய்வு எண்டு ஒண்டு படிக்கிறம். அந்தக் கணக்கில இந்த வாகனத்தின்ர பெறுமதி எப்பவோ பூச்சியமாயிட்டுது. ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் காசு உழைச்சுத் தருது. வித்திருந்தால் கையில வந்திருக்கும் காசு மட்டுமில்லை, அதால இழக்கப்போற உழைப்பும் ஒரு செலவுதான். அதைத்தான் அமையச் செலவு எண்டு சோதினைக்குப் பாடமாக்கினனான். தரகர் விலை சொன்னது அக்ஸிலுக்கு. பழுதாய் இருந்தது ஒரு ரப்பர் வளையம்.

அப்பா இப்ப விக்கிற கதை கதைக்கிறேல்லை. உங்கட வீட்டிலயும் இப்பிடி ஒரு கிழட்டு வாகனம் நிண்டால், அடுத்த மழைக்கு முதல் குனிஞ்சு முன்சில்லின்ர உள்பக்கத்தை ஒருக்காப் பாருங்கோ. மூச்சுக்குழாயையும் மறக்காதேங்கோ.